வசனச் சீட்டு போதும் என்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்ற நிர்வாகிகளுக்கும், போதகர்களுக்கும், சேகரக் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வருகிற சபை ஆண்டு முதல் ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடமும் நிருபப் பாடமும் வாசிக்க வேண்டாம் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. மாதத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம், அந்த மாதம் முழுவதும் அதன்மேல்தான் பிரசங்கம். புதன்கிழமை வேதபாட வகுப்பு நிறுத்தப்பட்டு, அந்த நேரம் விடுதலை ஜெபக் கூட்டத்துக்குப் போகிறது. நீண்ட வாசிப்பில் ஜனங்கள் சலிக்கிறார்கள் என்பதும், வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு வீண் தர்க்கம் வளர்கிறது என்பதும் நீங்கள் காட்டியிருக்கும் காரணங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓய்வுநாள் பள்ளியிலும் வேதபாட வகுப்பிலும் பாடம் எடுக்கிறவர்கள் நாங்கள். இந்தத் தீர்மானத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. புஸ்தகத்திலிருந்து பிய்த்தெடுத்த வசனம், நாம் ஏற்கெனவே நம்புகிறதைத்தான் நமக்குத் திருப்பிச் சொல்லும். நம் வீட்டு வழக்கத்தையும் கமிட்டி வழக்கத்தையும் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லும் திராணி, முன்பின்னோடு வாசிக்கப்படுகிற வேதத்துக்குத்தான் உண்டு. அந்த வாசிப்பைத்தான் நீங்கள் எடுத்துப்போட்டிருக்கிறீர்கள்.

கடைத் திறப்பு அழைப்பிதழிலும், வீடு பிரதிஷ்டைக் கார்டிலும், வருஷப்பிறப்பு வசனச் சீட்டிலும் நாம் அடிக்கடி பார்ப்பது யோபு 8:7. துவக்கம் அற்பமானாலும் முடிவு சம்பூரணமாயிருக்குமாம். சொன்னது யார்? பில்தாத். யாரிடம்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம். மூன்று வசனத்துக்கு முன்னால்தான், 8:4-ல், பிள்ளைகளின் சாவுக்கு அவர்கள் பாவமே காரணம் என்று அதே மனுஷன் சாடைகாட்டிப் பேசுகிறான். நீ சுத்தமுள்ளவனாயிருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று நிபந்தனையும் வைக்கிறான். புஸ்தகத்தின் கடைசியில், 42:7-ல், எலிப்பாஸும் அவன் சிநேகிதர் இருவரும் தம்மைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் கோபப்படுகிறார். அந்த இருவரில் ஒருவன் பில்தாத். யோபுவின் முடிவு ஆசீர்வாதமானது என்பது உண்மைதான். ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி அது நடக்கவில்லை. கர்த்தர் கண்டித்த பேச்சைக் கர்த்தருடைய வாக்குத்தத்தம் என்று நாம் லாமினேட் பண்ணிக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். யோபுவின் 42 அதிகாரத்தையும் சபை வாசித்திருந்தால் இது நடக்குமா?

எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். சமாதானத்துக்கேற்ற நினைவுகள் என்ற அந்த ஒரு வரி, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்லப்படுகிறது. (வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் நம் வீடுகளுக்கு 11-ஐ விட 7 தான் நெருக்கமாகப் பேசும் என்பது எங்கள் எண்ணம்.) ‘இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும்’ என்று ஜனங்கள் கேட்க ஆசைப்பட்டதைச் சொன்னவன் ஒருவன் உண்டு. முந்தின அதிகாரத்தில் வரும் அனனியா. அவனைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று தீர்த்து, அந்த வருஷமே அவன் செத்தான் என்றும் எழுதியிருக்கிறது. டிசம்பர் 31 இரவில் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைப் பிரசங்கிக்கிறோம்.

வசனத்தைத் தனியே உருவிக் கொடுக்கும் முறைக்கு வேதத்துக்குள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மத்தேயு 4:6-ல் பிசாசு 91-ஆம் சங்கீதத்தை அப்படித்தான் கொடுத்தான். இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. அவர் நின்றதும் அந்த அதிகாரங்கள் பேசுகிற அதே வனாந்தரச் சோதனையில்தான்.

வகுப்பில் வீண் தர்க்கம் நடக்கிறது என்கிறீர்கள். அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் புஸ்தகத்தை ஒரே மூச்சில், சத்தமாக வாசிப்பது. யோனா 48 வசனம், பத்து நிமிஷத்துக்குள் முடியும். ரூத் 85, பிலிப்பியர் 104. ஒவ்வொன்றும் கால் மணியோ இருபது நிமிஷமோ. மாற்கு முழுவதற்கும் இரண்டு மணி நேரம் போதும். வாசிக்கும்போது அதிகார எண்ணையும் தடித்த எழுத்துத் தலைப்பையும் கணக்கில் எடுக்கக் கூடாது. அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் ஓர் அச்சாளர் போட்டவை. தலைப்புகளைப் பதிப்பாளர்கள் சேர்க்கிறார்கள். பவுலும் மாற்கும் இவை எதையும் பார்த்ததில்லை.

இரண்டாவது, எந்த வகை எழுத்து என்று தீர்மானிப்பது. கடிதத்தை வாசிக்கிற மாதிரி நீதிமொழியை வாசிக்க முடியாது. நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுமொழி கொடுக்காதே என்கிறது, 26:5 மறுமொழி கொடு என்கிறது. அடுத்தடுத்த வசனங்கள். எந்த நேரத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கிற புத்தியைத்தான் நீதிமொழி கேட்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் சட்டமாக்கினால் மற்றது பொய்யாகிவிடும். சரித்திரப் பகுதியில் ஒருவன் செய்தான் என்று எழுதியிருப்பதால் அதைச் செய்யலாம் என்று ஆகாது. தாவீது செய்ததெல்லாம் நமக்குப் பிரமாணமா?

பிறகு யார், யாரிடம், என்ன சிக்கலில் பேசுகிறார்கள் என்று பார்ப்பது. ‘ஆதலால்’, ‘ஆனாலும்’, ‘அப்படியிருக்க’ போன்ற சொற்களின் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்கிறோம். வாதம் எங்கே திரும்புகிறது என்று பத்து வயசுப் பிள்ளைக்கும் பிடிபடும். பழைய திருப்புதலையும் 1995-ன் பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பதும் உதவும். சிலுவைக்கு முந்தின பிரமாணமா, அப்போஸ்தலர் 15-ல் சபை கூடித் தீர்த்ததற்குப் பிந்தியதா என்றும் கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் ‘இன்று நமக்கு என்ன’ என்ற கேள்வி. எங்கும் கெட்டுப்போவது வரிசை மாறும்போதுதான். ‘இது எனக்கு என்ன சொல்லுது’ என்று ஆரம்பித்தால், கேட்பவன் மனசில் இருப்பதே பதிலாக வரும்.

கடைசியாக ஒரு சோதனையும் உண்டு. இந்த விளக்கத்தால் யார் பையில் பணம் விழுகிறது, யார் வாய் அடைபடுகிறது? உங்களுக்குத் தர்க்கமாகத் தோன்றியது இந்தக் கேள்வியாக இருக்கலாம். ஆனால் மாற்கு 7-ல் இயேசு கேட்டதே இதுதான். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டால் கடமை தீர்ந்தது என்ற பாரம்பரியத்தை அவர் எடுத்துப் பேசினார். அந்த ஏற்பாட்டால் கெட்டது பெற்றவர்களின் வயிறு.

மல்கியாவுக்கு வருவோம். சபையில் அதிகம் கேட்கப்படும் தீர்க்கதரிசி அவர்தான், அதிலும் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கேட்கும் 3:8 முதல் 10 வரை மட்டும். மொத்தம் 55 வசனமுள்ள புஸ்தகத்தில் மூன்று. முதல் அதிகாரத்திலும் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்திலும் திட்டு வாங்குகிறவர்கள் ஆசாரியர்கள். குருடும் ஊனமுமான மிருகத்தைப் பீடத்தில் ஏற்றுகிறவர்கள் அவர்கள்தான். அடுத்து, இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணுகிறவர்கள். மூன்றாம் அதிகாரத்தில் தசமபாகப் பேச்சு வருவதற்கு முன்னால், 3:5-ல், கூலிக்காரனுடைய கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்றவனையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக வருகிறார். முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக் கை கறுத்த அக்காமார் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கும் சபைகளில் 3:10 வாசிக்கப்படுகிறது, 3:5 வாசிக்கப்படுவதில்லை. கூலி கொடுக்கிறவர்களும் அதே ஆராதனையில்தான் இருக்கிறார்கள்.

தசமபாகம் என்ன ஆயிற்று என்று உபாகமம் 14:22–29 விவரமாகச் சொல்கிறது. கொடுக்கிறவன் தன் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் அதைப் புசித்துச் சந்தோஷப்படுகிறான். மூன்றாம் வருஷத்தில் லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுகிறார்கள். நெகேமியா 13-ல் பங்கு கிடைக்காமல் லேவியர் வயலுக்கு ஓடிப்போனபோது, பத்தில் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னதோடு உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்களைப் பண்டசாலை விசாரிப்புக்கு வைத்தார்கள். வாங்கினதோடு பங்கீட்டுக்கும் ஆள் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களைச் சேர்த்து வாசித்துவிட்டுக் கேளுங்கள், ஜனங்கள் கொடுப்பார்கள்.

ஸ்தோத்திரப் பண்டிகையில் வரும் விதவையின் இரண்டு காசும் இப்படித்தான். மாற்கு 12:41-க்கு முன் வசனத்தில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். 12:44-க்கு அடுத்த காட்சியில், இந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார்; நடுவில் 13 என்று ஓர் எண் விழுந்ததால் நாம் அங்கே புஸ்தகத்தை மூடிவிடுகிறோம். அவர் அந்தப் பெண்ணைப் புகழ்கிறாரா, அவளுடைய ஜீவனம் முழுவதையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டைப் பார்த்து வேதனைப்படுகிறாரா? இரண்டும் இருக்கலாம். காணிக்கைப் பையோடு நிற்கிறவர்கள் அந்தக் கேள்வியாவது கேட்டிருக்க வேண்டும்.

ஸ்ரீதனத்துக்கு வேத ஆதாரம் உண்டென்று யாரும் பிரசங்கிப்பதில்லை. ஆனால் பவுனும் ரொக்கமும் பேசி முடித்த நிச்சயத்தில் ஈசாக்கு–ரெபெக்காள் கதையை வாசித்து ஜெபிக்கிறார்கள். ஆதியாகமம் 24:53-ஐ அங்கே நிறுத்தி வாசியுங்கள். பொன்னும் வெள்ளியும் வஸ்திரமும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போகிறது. பெண்ணின் சகோதரனுக்கும் தாய்க்கும் உச்சிதமான பொருள்கள் போகிறது. யாக்கோபு பெண் கேட்டு ஏழும் ஏழும் 14 வருஷம் உழைத்தான். யாத்திராகமம் 22:16–17-ல் பரிசம் கொடுக்க வேண்டியவன் ஆண். தகப்பன் மகளுக்குக் கொடுத்ததும் உண்டு: நியாயாதிபதிகள் 1:15-ல் அக்சாள் தன் தகப்பனிடம் நீரூற்றுகளைக் கேட்டு வாங்கினாள். கேட்டவள் மகள், மாப்பிள்ளையின் தகப்பன் அல்ல. எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் நிலத்தில் பங்கு கேட்டார்கள், அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். பழைய திருவிதாங்கூரின் 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டமோ மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது என்றது. ஸ்ரீதனம் கொடுத்தாயிற்றென்றால் அதுவும் கிடையாது. அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கிறிஸ்தவர்கள் பெயரில் இருந்த சட்டம். எண்ணாகமம் 27 அவ்வளவு காலமும் நம் கையில்தான் இருந்தது.

ஜாதிக்குள்தான் கல்யாணம் என்பதற்கு எஸ்றா 9-ஐக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பரிசுத்த வித்து கலந்துபோயிற்று என்று அங்கே இருப்பது உண்மை. அதே புஸ்தகத்தில் 6:21-ஐயும் பாருங்கள்: புறஜாதிகளின் அசுத்தத்தை விட்டு வந்து சேர்ந்த எல்லாரும் பஸ்காவைப் புசித்தார்கள். உபாகமம் 7:4 தடைக்குக் காரணம் சொல்கிறது: வேறே தேவர்களைச் சேவிக்கும்படி பிள்ளைகளை விலக்கிவிடுவார்கள். எண்ணாகமம் 36-ல் கோத்திரத்துக்குள் மணம் என்று வருவது நிலம் உள்ள பெண்களுக்கு, நிலம் கோத்திரம் மாறாமலிருக்க. விசுவாசத்தையும் நிலத்தையும் பற்றிய கட்டளைகள் இவை. ஒரே பந்தியில் அப்பம் பிட்கிற இரண்டு வீட்டாருக்கு நடுவில் இவற்றைச் சுவராக எழுப்ப எங்கே இடமிருக்கிறது? மோவாபியளான ரூத்தை வைத்துத்தான் தாவீதின் வம்சமே வருகிறது. மோசேயின் மனைவி எத்தியோப்பியப் பெண் என்று பேசின மிரியாமுக்குத்தான் குஷ்டம் வந்தது.

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று 1 கொரிந்தியர் 14:34-ஐ எடுக்கிறவர்கள், மூன்று அதிகாரம் முன்னால் 11:5-ல் பெண்கள் ஜெபம்பண்ணித் தீர்க்கதரிசனம் சொல்வதைப் பவுல் சாதாரணமாகப் பேசுவதையும் விளக்கிவிட்டுப் பிறகு பேசட்டும். மாதவிலக்கு நாளில் திருவிருந்துக்கு வராதே என்று சில வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது, லேவியராகமம் 15 என்பார்கள். அந்த அதிகாரத்தின் முதல் 17 வசனம் ஆண்களைப் பற்றியது. அதை யாரும் யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை.

இன்னொன்று, கமிட்டிக் கணக்கைக் கேட்டால் வரும் வசனம். அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே, சங்கீதம் 105:15. மேலே 12 முதல் 14 வரை வாசித்தால், ஊர் ஊராய்ப் போன, கொஞ்சப் பேரான பரதேசிகளைத் தொடாதே என்று ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது தெரியும். அதிகாரமில்லாதவனைக் காப்பாற்றச் சொன்னதை நாம் அதிகாரத்தில் இருப்பவரைக் காப்பாற்ற எடுக்கிறோம். தாவீது சவுலின்மேல் கை போடவில்லை. ஆனால் 1 சாமுவேல் 24-ல் சவுல் செய்த அநியாயத்தை எல்லார் முன்னிலையிலும் சத்தமிட்டுச் சொன்னான். நாத்தான் தாவீதைக் கேட்டான். பவுல் கேபா என்னும் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தான். மூப்பரைப் பற்றிய குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளோடு விசாரிக்கும் முறையை 1 தீமோத்தேயு 5:19–20 கொடுக்கிறது. பணத்தில் ஒருவரும் குறைசொல்லாதபடி கூட ஆள் வைத்துக்கொண்டதாகப் பவுலே 2 கொரிந்தியர் 8:20-ல் எழுதுகிறார்.

வழக்கம் எல்லாவற்றையும் தூக்கியெறி என்று எங்களை யாரும் அர்த்தம்பண்ண வேண்டாம். மின்னு (தாலி) கட்டுவதும் கீர்த்தனை பாடுவதும் அசனம் (சபை விருந்து) வைப்பதும் வேதம் நமக்கு விட்டுக்கொடுத்த காரியங்கள். ரோமர் 14 போதும். நம் ஊர் வழக்கத்துக்குப் பதிலாக வெள்ளைக்காரர் வழக்கத்தையோ, டிவியில் வரும் செழிப்பு உபதேசத்தையோ வேதத்தின் இடத்தில் வைப்பதும் அதே தப்புதான். நம் வாழ்க்கை சில பகுதிகளை வாசிக்க உதவியும் செய்யும்: இராமுழுதும் வலைவீசி ஒன்றும் கிடைக்காத லூக்கா 5-ஐக் குளச்சல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்துச் சபைக்கு இதெல்லாம் புதுசும் அல்ல. மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்த காலத்தில் யார் எதை உடுத்தலாம், எந்த வழியில் நடக்கலாம் என்பதெல்லாம் வழக்கமாகத்தான் இருந்தது. பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக 1822-ல் தொடங்கின தோள்சீலைப் போராட்டம் 1859 ஜூலை 26 அரச அறிவிப்புவரை நீண்டதற்கும் வழக்கத்தின் பேரில் வந்த எதிர்ப்புதான் காரணம். அந்த அறிவிப்புகூட மேல்ஜாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

ஆகையால் நாங்கள் கேட்பது:

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் மூன்றும் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கப்பட வேண்டும். சலிப்பு வருவது நீளத்தால் அல்ல; முன்கூட்டிப் பார்க்காமல் மேடையேறித் தடுமாறி வாசிப்பதால். வாசிக்கிறவரை ஒரு வாரத்துக்கு முன்பே நியமித்து, வீட்டில் மூன்று தடவை சத்தமாய் வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாடத்துக்கு முன் இரண்டே வாக்கியத்தில் யார் யாருக்கு எழுதியது என்று சொன்னால் போதும்.

புதன் வகுப்புக்கு அதன் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். இருபது நிமிஷம் வாசிப்பு, இருபது நிமிஷம் விளக்கம், இருபது நிமிஷம் கேள்வி. ரூத்தில் தொடங்கி மல்கியா, மாற்கு, கலாத்தியர் என்று புஸ்தகம் புஸ்தகமாகப் போகலாம். விடுதலை ஜெபத்துக்கு வேறு நாள் பாருங்கள். அதற்கு எங்களில் யாரும் விரோதமில்லை.

வசனச் சீட்டு அச்சடித்தே ஆக வேண்டுமானால், பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று வசனத்தின் கீழே ஒரு வரி போடுங்கள். ஆமோஸ் 5:21–24-ம் லூக்கா 14:33-ம் அந்தப் பெட்டிக்குள் இருக்கட்டும். பில்தாத்தை எடுத்துவிடுங்கள்.

கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து ஆதியாகமம் 24, எண்ணாகமம் 27, ரூத் ஆகியவற்றைப் போதகரோடு வாசிக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். ரொக்கம் பேசப்பட்டதா என்று அங்கேயே கேளுங்கள்.

வருஷாந்தரக் கணக்குக் கூட்டம் 2 கொரிந்தியர் 8:16–21 வாசிப்போடு தொடங்கட்டும். கேள்வி கேட்கிறவருக்குச் சங்கீதம் 105:15-ஐப் பதிலாகச் சொல்ல மாட்டோம் என்று மன்றம் எழுதிப் பதிவு செய்யட்டும்.

புதிய பாட அட்டவணை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் தொடங்குகிறது. காலண்டர் அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் பதில் எழுத்தில் வர வேண்டும், அது எல்லாச் சேகரங்களிலும் அறிவிப்பு நேரத்தில் வாசிக்கப்படவும் வேண்டும். எங்கள் விளக்கங்களில் எது தவறென்று நினைத்தாலும், எந்த அதிகாரம், எந்த வசனம் என்று குறித்து அனுப்புங்கள்; அடுத்த வகுப்பில் அதையே எடுத்து வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு ஆசிரியர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்